மாப்பிள்ளை வந்தால் அடிக்கும் அலாரம்

அத்தியாயம் 5

அலாரத்தை மாற்றியாகிவிட்டது. இனி மருமகளை மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

தலைவர் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவர் அவர். பல் தேய்க்கப் போவதைக்கூட அறிக்கையாக வெளியிடுகிற ஆள். "ஒரு குடும்பத்தோட பாதுகாப்புன்னு வரும்போது சில கசப்பான முடிவுகளை எடுத்துத்தான் ஆகணும்" என்றார். சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விடுவதுபோல் ஒரு நொடி நிறுத்தினார்.

சரவெடிக்குக் கை துறுதுறுத்தது. தட்டுவதற்காக இல்லை.

சரவெடி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வாய் வாங்கிக் கொடுத்த பெயர். அவளுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் இந்தத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொழில் நடத்துகிறார்களாம், எத்தனை நாளைக்கென்று பார்ப்போம் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணி முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்தவள். அதிகம் பேசமாட்டாள். அவள் பங்குக்கும் சேர்த்துப் பேசத்தான் சரவெடி இருக்கிறாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றிருந்தது அந்த கேம்பர் வேன். ஓய்வு பெற்றதும் தலைவர் ஆசை ஆசையாய் வாங்கியது. உள்ளே மேலே ஒரு படுக்கை, கீழே ஒரு படுக்கை, ரெட்டை அடுப்பு, முகம் கழுவினால் முழங்கை இடிக்கிற அளவில் ஒரு தொட்டி. கீழ்ப் படுக்கைக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, சோப்பு டப்பா அளவில் கேஸ் அலாரம்.

"அஞ்சு ட்ரிப் போயிருக்கோம் மேடம். ரெண்டு ட்ரிப்புக்கு மாப்பிள்ளை வரல. அந்த ரெண்டு தடவையும் அலாரம் வாயைத் திறக்கல. மாப்பிள்ளை வந்த மூணு தடவையும் நல்ல தூக்கத்துல கத்தி எல்லாரையும் எழுப்புச்சு. ஒரே நாத்தம், அழுகின முட்டை மாதிரி. கேஸ் நாத்தம்! அலாரத்துல கோளாறுன்னு புதுசு வாங்கி மாட்டினோம். அதுவும் கத்துச்சு. மூணாவது தடவை கையும் களவுமா பிடிச்சாச்சு. அடுப்போட திருகு முழுசா திறந்து கிடந்துச்சு."

"யார் பார்த்தது?"

"என் மகன்!" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "கட்டின பொண்டாட்டியக் காட்டிக் கொடுக்க எவனுக்கு மனசு வரும்? ஆனா வந்து சொன்னான். அதான் வளர்ப்பு."

வளர்ப்பு வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க மருமக எதுக்கு கேஸைத் திறந்து விடணும்?"

"மாப்பிள்ளை வந்தாலே அவளுக்கு ஆகாது. என் பொண்ணைக் கட்டினவர் மேல அவளுக்கு என்ன வஞ்சமோ. மாப்பிள்ளை வந்தா கேஸ், வரலைன்னா கேஸ் இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அந்த ராத்திரிகள்ல உங்க மருமக எங்க படுத்திருந்தாங்க?"

"வண்டிக்குள்ளதான். அவளும் பேத்தியும் கீழ்ப் படுக்கை. என் பொண்ணும் மாப்பிள்ளையும் மேல் படுக்கை, அங்கதான் காத்து வர ஜன்னல் இருக்கு. நானும் மகனும் வெளிய கூடாரம்."

"ஆக, மாப்பிள்ளையக் கொல்றதுக்காகத் தன்னையும் தன் குழந்தையையும் சேர்த்துக் கொல்லப் பார்த்திருக்காங்க" என்றாள் சரவெடி. "ரொம்பச் சிக்கனமான திட்டம் சார். ஒரே சிலிண்டர்ல வேலை முடிஞ்சுடும்."

தலைவர் அவளைப் பார்க்காமல் அண்ணியிடம் பேசினார். "சாயங்காலம் அவ அப்பாவை வரச் சொல்லியிருக்கேன். பொண்ணை அவர் கூட்டிட்டுப் போகட்டும். பேத்தி இங்கதான் இருப்பா. கொலைகாரி கையில குழந்தையக் கொடுக்க முடியாது. அவர் வந்து நிக்கும்போது, 'ஆமா, இவதான்'னு உங்க வாயால ஒரு வார்த்தை வரணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"கண்டுபிடிக்கறதுக்கு இல்லையா?"

"கண்டுபிடிச்சாச்சே! நீங்க உறுதிப்படுத்தினா போதும்."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், மூன்று வயதுக் குழந்தை ஒன்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவர்களையே பார்த்தது. அம்மாவின் முகம் தெரியவில்லை. குழந்தையைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் பிரேக் போடும்போது கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது.

*

மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நீதி வழங்கப்படுவதை நேரில் பார்க்கிற ஆசை. இன்ஜினியர் என்று அறிமுகமானார். என்ன இன்ஜினியர் என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சரவெடி கேட்டதும் கொஞ்சம் திடுக்கிட்டார்.

"சாஃப்ட்வேர். ஆனா எலக்ட்ரிக்கல் எல்லாம் எனக்குக் கை வந்த கலை."

அவருக்கு முன்னால் அவருடைய வாசனை வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது. சரவெடி அண்ணியின் காதைக் கடித்தாள். "அண்ணி, இவர் அடிச்சிருக்கற ஸ்ப்ரேக்கே அலாரம் அலறும்."

"அடிச்சுப் பாரு."

மாப்பிள்ளையின் பையிலிருந்த டப்பாவை வாங்கி, வண்டிக்குள் ஒரு பீய்ச்சு பீய்ச்சினாள். கீச் கீச்சென்று அலாரம் கத்தியது. சரவெடி வெற்றிப் புன்னகையோடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் அலாரம் அடங்கிவிட்டது.

"ராத்திரி தூங்கறப்போ ஸ்ப்ரே அடிப்பீங்களா?" அண்ணி கேட்டாள்.

"காலைல குளிச்சுட்டுத்தான்."

"போச்சு" என்றாள் சரவெடி. புன்னகையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

அண்ணி அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தாள். புதுசுதான், இன்னும் பல வருஷம் உழைக்கும். மறுபடி மாட்டினாள். சோப்பு நுரையைக் கேஸ் குழாய் நெடுகத் தடவினாள். எங்கேயும் ஒரு குமிழிகூட வரவில்லை. குழாய் கசியவில்லை.

"ட்ரிப் போனா உங்க வேலை என்ன சார்?" மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"நான் இல்லாம எதுவுமே நடக்காது" என்றார் மாப்பிள்ளை. "போய் இறங்கினதும் கரண்ட் ஒயரைச் சொருகணும். என் ஐஸ் பெட்டிய ஆன் பண்ணணும். எனக்கு ஜில்லுனு இல்லாம தொண்டையில இறங்காது. அதுக்குக் கரண்ட் பத்தலைன்னு நானே ஒரு சார்ஜர் வாங்கி மாட்டினேன். இவங்க வச்சிருந்தது பொம்மை மாதிரி ஒண்ணு. இது ஹெவி! வேகமா ஏத்தறதுக்குத் தனி ஸ்விட்ச். அதைப் போட்டுட்டுத்தான் படுப்பேன்."

"நீங்க வராத ட்ரிப்ல?"

"இவங்க யாருக்கும் அதைத் தொடத் தைரியம் கிடையாது." ரொம்பப் பெருமை. "ஆனா அந்த இடங்கள்லாம் கரண்ட்டே சரியில்ல மேடம். அலாரம் அடிச்ச மறுநாள் காலைல பார்த்தா சார்ஜர் அணைஞ்சு கிடக்கும். ஐஸெல்லாம் தண்ணி. மூணு தடவையும் அப்படித்தான்."

அண்ணி தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டினால் ஒன்று ஒத்துக்கொள்கிறாள், அல்லது ஆணி அடிக்கிறாள். இது இரண்டாவது ஆட்டம் என்று சரவெடிக்குத் தெரிந்தது. ஆணி யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

*

மருமகள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். குழந்தை மடியில் உட்கார்ந்து அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"எந்தத் திருகு திறந்திருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"இடது பக்கம்."

"நீங்க திறந்தீங்களா?"

"அது எரியாது மேடம்."

அண்ணி நிமிர்ந்தாள். "எரியாதுன்னா?"

"முதல் ட்ரிப்புக்கு முன்னாடியே திருகு லூசா இருந்துச்சு. மெக்கானிக் இடது அடுப்புக்குப் போற குழாயையே அடைச்சுட்டாரு. திருகு சுத்தும், கேஸ் வராது. நான் வலது அடுப்புலதான் எல்லாருக்கும் சமைப்பேன்."

"அஞ்சு பேருக்கு ஒரே அடுப்பா?"

"ஆமா. ஏன் சாப்பாடு லேட்டுன்னு கேட்பாங்க. அடுப்பு ஏன் ஒண்ணுதான் எரியுதுன்னு ஒருத்தரும் கேட்கல."

"திருகு திறந்திருக்குன்னு சொன்னப்போ இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மேடம். மாமா, 'பேச்சைக் குறை'ன்னாரு."

"உங்க வீட்டுக்காரரு?"

அவள் குழந்தையின் விரலிலிருந்து துப்பட்டா நுனியை விடுவித்தாள். "அவர் எதுவும் சொல்லல" என்றாள்.

வெளியே வந்ததும் சரவெடி வெடித்தாள். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது! எரியாத அடுப்பைத் திறந்து வச்சவன் யாரு? அது எரியாதுன்னு தெரியாதவன். அடுப்புப் பக்கமே போகாத கை. ஆம்பளைக் கை!"

"மூணு ஆம்பளைங்க இருக்காங்களே?"

"டீ போடச் சொல்லுவோம்."

அண்ணி சிரித்தாள். அபூர்வமான சம்பவம். சரவெடி மனசுக்குள் அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டாள்.

வண்டியின் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைக்கப்பட்டன. "விசாரணையோட ஒரு அங்கம்" என்று அண்ணி சொன்னதால் தலைவரால் மறுக்க முடியவில்லை. விசாரணை என்ற சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டவர். சங்கத்தில் வருஷம் முழுக்க அதைத்தான் வைப்பார், செடித் தொட்டி காணாமல் போனதற்குக்கூட.

முதலில் அவரே உள்ளே போனார். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சிலிண்டரை எங்கே திறப்பது என்று கேட்டார். தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். டீத்தூள் எது என்று கேட்டார். கடைசியில், "இதெல்லாம் செய்யறதுக்கு வீட்ல ஆள் இருக்கே" என்று இறங்கிவிட்டார்.

"அந்த ஆளைத்தான் சாயங்காலம் அனுப்பப் போறீங்களே சார்" என்றாள் சரவெடி.

அடுத்து மாப்பிள்ளை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். நேராக இடது திருகைத் திருப்பி லைட்டரைத் தட்டினார். தட்டினார். இன்னும் வேகமாகத் தட்டினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "சிலிண்டர் காலி."

"கை வந்த கலை" என்று சரவெடி முணுமுணுத்தாள்.

மூன்றாவதாக மகன். பேசாமல் ஏறினான். வலது திருகு, ஒரே தட்டு, நீல நெருப்பு. தண்ணீர் எவ்வளவு என்று அவன் பார்க்கவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. டீயை வடிகட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டான். தலைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், மகன் சேலை கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

"உனக்கு எப்படிடா இதெல்லாம்?"

"எப்பவாவது, அவளுக்கு முடியலைன்னா... நீங்க தூங்கினப்புறம்" என்றான் மகன். திருட்டை ஒப்புக்கொள்கிற குரல்.

டீ நன்றாக இருந்தது. சரவெடி ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணியிடம் கண்ணடித்தாள். மகன் தப்பித்தான். தலைவருக்கு சிலிண்டரே திறக்கத் தெரியாது. பாக்கி இருப்பது ஒரே ஆள், ஒரே வாசனை.

அண்ணி மட்டும் டீயைத் தொடவே இல்லை. டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

"இப்போ சிலிண்டரைக் கழட்டி வெளிய வையுங்க" என்றாள் அண்ணி.

மகன் கழற்றிக் கொண்டுபோய்ச் சுற்றுச்சுவர் ஓரம் வைத்தான். வண்டி நன்றாகக் காற்றாடிய பிறகு கதவு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். மருமகளைக் குழந்தையோடு தெருக்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"மாப்பிள்ளை சார், ட்ரிப்ல என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க."

மாப்பிள்ளைக்குக் குஷி. ஒயரை இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகினார். ஐஸ் பெட்டியை ஆன் செய்தார். சார்ஜரின் வேக ஸ்விட்சை, மேடையில் பொன்னாடை போர்த்துகிற பாவனையில், மெதுவாகத் தட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

காத்திருந்தார்கள். தலைவர் வண்டி வாங்கிய கதையைச் சொன்னார். வெயில் கொட்டகையைவிட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. தலைவர் வண்டி வாங்கிய கதையை இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது, அதைக் கேட்கப் பிடிக்காததுபோல் அலாரம் அலறியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தெருக்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் சுவரோரம் சாதுவாக நின்றது.

"சொல்லுங்க சார்" என்றாள் சரவெடி. "கண்ணாலேயே கேஸ் விடறாங்களா உங்க மருமக?"

தலைவருக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும் வசதியான பக்கமாக வந்தது. "அப்போ இது பொய் அலாரம்! புதுசு வாங்கினதும் டூப்ளிகேட். டேய், ஒயரை வெட்டி எறி அதை!"

"யாரும் உள்ள போகாதீங்க" என்றாள் அண்ணி. அவள் குரல் உயர்ந்தால் அண்ணனே எழுந்து நிற்பான், இவர்கள் எம்மாத்திரம். சுவர் பிளக்கைப் பிடுங்கினாள். பின்கதவையும் பக்கக் கதவையும் விரியத் திறந்தாள். நாற்றம் வந்தது. அழுகின முட்டை.

"அதே நாத்தம்தான்" என்றான் மகன். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவன்போல் உதட்டைக் கடித்தான்.

காற்று நன்றாக ஓடிய பிறகு அண்ணி உள்ளே போய்க் கீழ்ப் படுக்கையின் மெத்தையை நகர்த்தினாள். பலகையைத் தூக்கினாள். அடியில் வண்டியின் பேட்டரி. பக்கவாட்டில் உப்பி, தின்று தீர்த்தவன் வயிறு மாதிரி இருந்தது. மேலே கையை வைக்க முடியவில்லை, அனலடித்தது. இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது.

"லாரி பேட்டரிக்கான சார்ஜரைக் கொண்டுவந்து இந்தச் சின்ன பேட்டரியில மாட்டியிருக்கீங்க மாப்பிள்ளை சார். அளவுக்கு மீறி ஏத்தினா பேட்டரி கொதிக்கும், வாயுவைக் கக்கும். அந்த அழுகின முட்டை நாத்தமும் அதுலேர்ந்துதான். சிலிண்டர் வாயுவா பேட்டரி வாயுவான்னு அலாரத்துக்குப் பேதம் தெரியாது. தீப்பிடிக்கற வாயு வந்தா கத்தறது அது வேலை. கத்துச்சு. பழைய அலாரமும் உண்மையச் சொல்லுச்சு, புது அலாரமும் உண்மையச் சொல்லுச்சு."

"அதாவது" என்று சரவெடி மொழிபெயர்த்தாள், "இந்த வண்டியில இதுவரைக்கும் பொய் சொல்லாதது அது ஒண்ணுதான். அதைத்தான் வெட்டி எறியச் சொல்றாரு."

தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்து முறைக்கிற பழக்கம் அந்தக் கண்களுக்கு இல்லை. அதே கண்களுக்கு மருமகள் விஷயத்தில் அப்படியொரு கூச்சம் இருந்ததே கிடையாது. "சின்னத் தவறுதான்... யாருக்கும் நடக்கறதுதான்..." என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாதவர்போல.

"தவறு சின்னது சார். அதுக்கப்புறம் செஞ்சது சின்னதில்ல" என்று சரவெடி மாப்பிள்ளையை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். "தன் சார்ஜர் வண்டவாளம் வெளிய வரக் கூடாதுன்னு, பழியை அவங்க மேல போட அடுப்புத் திருகைத் திறந்து வச்சீங்க. ஆனா அது எரியாத அடுப்புன்னு உங்களுக்குத் தெரியல. எப்படித் தெரியும்? டீ போடற லட்சணத்தைத்தான் பார்த்தோமே!"

"நானா? நான் எதுக்கு?" மாப்பிள்ளை உண்மையிலேயே விழித்தார். "சார்ஜர்லதான் கோளாறுன்னு எனக்கே இப்போதானே தெரியும்!"

"அவர் சொல்றது நிஜம்" என்றாள் அண்ணி.

சரவெடி நின்றாள். "அண்ணி! நம்ம கட்சியிலேயே கலகமா?"

"இவர் இடது அடுப்பு எரியும்னு நம்பற ஆளு. இப்போகூட அதைத்தான் திருப்பினாரு. கேஸ் வரும்னு நம்பறவர், தானும் பொண்டாட்டியும் படுத்திருக்கற வண்டியில அதைத் திறந்து வச்சுட்டுத் தூங்குவாரா? இவருக்கு ஐஸ் மேலேயே அவ்வளவு ஆசை, உயிர் மேல இருக்காதா?" அண்ணி மெதுவாகத் திரும்பினாள். "அந்தத் திருகைத் திறந்தவருக்கு அதுல கேஸ் வராதுன்னு நல்லாத் தெரியும். திறந்திருக்கணும், ஆனா ஒண்ணும் வரக் கூடாது. அதுக்குத்தான் இடதைத் தேர்ந்தெடுத்தாரு. ராத்திரி அலாரம் அடிச்சதும் யாரோ சத்தமில்லாம சார்ஜரையும் அணைச்சிருக்காங்க, மூணு தடவையும். அணைச்சவருக்குக் காரணமும் தெரியும்." மருமகளைப் பார்த்துக் கேட்டாள்: "மெக்கானிக் அந்தக் குழாயை அடைச்சப்போ வண்டியில யாரெல்லாம் இருந்தீங்க?"

மருமகள் குழந்தையின் செருப்பு வாரை மாட்டி முடித்தாள்.

"நானும் அவரும்."

யாரும் மகனைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் தூணைவிட்டு நகர்ந்து, படியில் தானாக உட்கார்ந்துவிட்டான்.

"முதல் தடவை பயத்துல எல்லா ஸ்விட்சையும் அணைச்சேன், நாத்தம் அடங்குச்சு. ரெண்டாவது தடவை பலகையத் தூக்கிப் பார்த்தேன்" என்றான். "கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தான் மாட்டினது. அத்தான்கிட்ட போய் உங்க சார்ஜர் சரியில்லன்னு எப்படிச் சொல்றது? அவர் முகம் சுண்டிடும். முகம் சுண்டினா வீட்டுக்குப் போய் அக்காகிட்ட காட்டுவாரு. முன்னாடி ஒரு தடவை ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு அக்கா மாசக்கணக்கா அழுதா. மூணாவது தடவையும் அடிச்சதும் அப்பா விடமாட்டேன்னு துருவ ஆரம்பிச்சாரு. ஏதாவது ஒண்ணைக் காட்டணும். அதான் எரியாத அடுப்பா பார்த்து... ஆபத்தில்லாம..." மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ மறந்துட்டேன்னு நினைச்சு ரெண்டு திட்டு திட்டுவாங்க, அதோட போயிடும்னு நினைச்சேன். நீ தாங்கிக்குவேன்னு. அப்பா இவ்வளவு தூரம் கொண்டுபோவாருன்னு நினைக்கல."

மாப்பிள்ளை தன் வாட்சைப் பார்த்துக்கொண்டார்.

மருமகள் எழுந்தாள். "நீங்கதான்னு எனக்குத் தோணாம இல்ல" என்றாள். "தோணினதை எடுத்து ஓரமா வச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெண்டாவது தடவையே பேட்டரி கொதிக்கறதைப் பார்த்துட்டீங்க. மூணாவது ட்ரிப்ல குழந்தை எங்க படுத்திருந்தா?"

"ஸ்விட்சை நான் அணைச்சு..."

"அலாரம் அடிச்சப்புறம் அணைச்சீங்க. அது வரைக்கும் எங்க படுத்திருந்தா?"

அவன் கண் வண்டிக்குள் போனது. பலகை தூக்கிய கீழ்ப் படுக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திறந்துதான் கிடந்தது.

*

தெருக்கதவு கிறீச்சிட்டது. மருமகளின் அப்பா. பஸ் ஓட்டுகிறவர்; டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க!" தலைவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "சும்மா, பார்த்து நாளாச்சேன்னுதான் வரச் சொன்னேன். வண்டியில ஒரு சின்னக் கோளாறு. இப்போ சரியாயிடுச்சு."

"என் பொண்ணு எல்லாரையும் கொல்லப் பார்த்தான்னு போன்ல சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கு ஒண்ணு மிச்சமிருக்கு சார்" என்றாள் சரவெடி. "அவர் வந்து நின்னதும் எங்க வாயால ஒரு வார்த்தை வரணும்னு கேட்டீங்களே. அண்ணி, சொல்லுங்க."

அண்ணி பெரியவரின் முன்னால் வந்தாள். "உங்க பொண்ணு எதுவும் செய்யல ஐயா. சார்ஜர் இந்த வீட்டு மாப்பிள்ளையோடது. பழி போட்டது உங்க மருமகன்." அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பழகிய சுருக்கம்.

அவர் மகளைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, அவள் கையிலிருந்த பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இருங்க, குழந்தை எதுக்கு?" தலைவர் குறுக்கே வந்தார். "மருமக வேணும்னா ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். மனசு ஆறட்டும். பேத்தி இங்கயே இருக்கட்டும்."

"எங்க படுக்க வைப்பீங்க சார்?" என்றாள் அண்ணி.

தலைவர் வழிவிட்டார். சங்கத்தில் அவர் எந்தத் தீர்மானத்தையும் இவ்வளவு சீக்கிரம் வாபஸ் வாங்கியிருக்க மாட்டார்.

மகன் ஓடிவந்தான். மனைவியின் முன்னால் நின்றான். தொட நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினான். "நான் என்ன பண்ணணும்னு சொல்லு. எதுவானாலும் பண்றேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபத்தில் பார்க்கவில்லை, நாளெல்லாம் தேடிய சாவி கையிலேயே இருந்ததைக் கண்டவள்போல் பார்த்தாள்.

"அடுத்த ட்ரிப்ல கூடாரத்துக்குப் போகாதீங்க" என்றாள். "அந்தக் கீழ்ப் படுக்கையில நீங்க படுங்க. மாப்பிள்ளைய மேல படுக்கச் சொல்லுங்க. அவர் ஸ்விட்சைப் போடட்டும். அலாரம் அடிச்சா யாரைத் திட்டறதுன்னு உங்க அப்பாகூட உக்காந்து பேசி முடிவு பண்ணிக்குங்க. எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்."

அப்பாவின் பின்னால் நடந்தாள். தாத்தாவின் தோளிலிருந்து குழந்தை, ஒன்றும் தெரியாமல், எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டே போனது. மகன் பதிலுக்குக் கை தூக்கினான். அதற்குள் தெருக்கதவு சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமினார்.

"ஆனா அந்த சார்ஜருக்கு வாரண்டி இருக்கு" என்றார்.

அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு ஒருவரும் தலையாட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.